இடுப்பில் கட்டிய துண்டு

அத்தியாயம் 9

"ஆள் யாருன்னு மட்டும் சொல்லிருங்க. நாளைக்கு கலெக்டர் முன்னாடி அவனைக் கொண்டுபோய் நிறுத்துறது என் பொறுப்பு."

அன்று காலையில் மட்டும் ராஜமணி இதை நாலாவது தடவையாகச் சொன்னார். மேஜைமேல் இருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நாலே நாளில் மனுசனுக்குப் பத்து வயசு கூடிவிட்டதைப் பார்க்க சுகிர்தத்துக்கு மனசே சரியில்லை.

தேனி பஜாரில், வீல்சேரும் கட்டிலும் வாசல் வரைக்கும் அடைத்துக் கிடக்கிற அவர் கடைக்கு மேல்மாடியில்தான் சங்க ஆபீஸ். நோயாளி வீட்டுக்கு மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடுகிற பதினாலு கடைக்காரர்களின் சங்கம், தலைவர் ராஜமணி. 2008 ஜூன் மாதம் அந்தச் சங்கம் துணிந்து ஒரு காரியம் செய்தது. இரும்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தது போதும் என்று, வீட்டுக் காற்றை உறிஞ்சி அதிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற எந்திரம் பத்தொன்பது வாங்கிப் பத்தொன்பது வீட்டில் வைத்தது. நாலு மாதம் நல்லாத்தான் ஓடியது. போன திங்கட்கிழமை மத்தியானம் காமயகவுண்டன்பட்டி ஞானமுத்து வாத்தியார், எந்திரம் ஓட ஓட, மூக்கில் குழாய் இருக்க, மூச்சு முட்டி இறந்துபோனார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அதிகாரிகள் வந்து எந்திரத்தின் பிளக்குக்குச் சீல் வைத்தார்கள். பிரித்துப் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை யார் காத்திருப்பது? வீடுகளில் இந்த எந்திரமே கூடாது, மிச்சம் பதினெட்டையும் திருப்பி எடு என்று உத்தரவு தயாராகிவிட்டது. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கலெக்டர் முன்னால் கூட்டம். சங்கம் தன் பக்கத்தைச் சொல்ல அந்த ஒரு வாய்ப்புதான்.

"எடுத்துட்டா அந்தப் பதினெட்டுப் பேரும் என்ன செய்வாக?" என்று கேட்டாள் சுகிர்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்கன கட்டில் காலியா இருந்தாத்தானே? கோம்பையில மலையம்மாள்னு ஒரு பொம்பள. இருபது வருசம் மில்லுல பஞ்சு தின்ன நுரையீரல். குழாயைக் கழட்டுனா வாசப்படி தாண்ட முடியாது." ராஜமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க எந்திரத்துல குத்தமில்லம்மா. எவனோ கை வெச்சிருக்கான்."

அந்த 'எவனோ'தான் இப்போது கையில் இருக்கிற ஒரே நூல். சாவுக்கு முந்தின புதன்கிழமை, ஆயுத பூஜை அன்று, வாத்தியார் வீட்டு எந்திரத்துக்குப் பின்னால் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்து என்னவோ செய்தான். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்திருக்கிறாள். அந்தப் பேச்சு டீக்கடை ஏறி, பஸ் ஏறி, தேனி பஜாருக்கு வந்து சேர்ந்திருந்தது.

"லிங்கேஸ்வரன்னு நெனைக்கிறீகளா?" என்றாள். சங்கத்தில் சேராமல் தனியாக நிற்கிற ஒரே கடைக்காரர் அவர்.

"நெனைக்கல. தெரியும்."

சுகிர்தம் பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் துப்புப் பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். பொய் சொல்கிறவனை அவள் சுலபமாகப் பிடித்துவிடுவாள். தான் சொல்வது சத்தியம் என்று நம்பிச் சொல்கிற ஆளிடம்தான் அவளுக்குப் பயம்.

ஜீப்பை ஓட்டினான் சீனிச்சாமி. கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே பதினைந்து வருஷம் டிரிப் அடித்தவன். நாலு வருஷமாக அவளுக்கு டிரைவர், உதவியாள், வாய் எல்லாமே அவன்தான். சின்னமனூர் தாண்டுகிற வரைக்கும்கூட அவனால் சும்மா வர முடியவில்லை.

"ஒன்னு கேக்கவாக்கா? சதி பண்றவன் போயும் போயும் ஆயுத பூஜை அன்னைக்கா போவான்? நம்மூர்ல சதிகாரனுக்கும் அன்னைக்கு லீவுதான். ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெச்சுப் படுக்க வெச்சிருப்பான். எடுத்தா அவன் பொண்டாட்டியே கையை ஒடிச்சிருவா."

சுகிர்தம் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் சொன்னதில் ஏதோ ஒன்று தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

காமயகவுண்டன்பட்டி போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் திராட்சைத் தோட்டத்து வேலை முடித்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே வாத்தியார் வீட்டு ஜன்னல். நடுவே ஆறடிச் சந்து.

"மூஞ்சியைப் பாத்தீகளா?" என்றாள் சுகிர்தம்.

"முதுகைத்தான் பாத்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கட்சிக்காரரோன்னு நெனைச்சேன்."

"கட்சிக்காரரு தரையில குனிஞ்சு உக்கார மாட்டாரு ஆத்தா. அதுவும் எலெக்சன் இல்லாத நேரத்துல," என்றான் சீனிச்சாமி.

முத்துமாரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு சுகிர்தத்திடமே சொன்னாள். "எந்திரத்தைத் திருப்பி வெச்சுக்கிட்டு, கை இப்படியும் அப்படியும் போச்சு. வாயி என்னமோ முணுமுணுத்துச்சு."

"எந்திரத்துக்கிட்டயா?"

"ஆமா. அங்கன வேற யாரு இருக்கா? அவரு சம்சாரம் ரூத்து அடுப்படியில இருந்தா. வாத்தியாரு கண்ணை மூடிப் படுத்திருந்தாரு."

"பை, டூல்ஸ் ஏதாச்சும்?"

"பை ஒன்னும் இல்ல. துண்டு ஒன்னு தோள்ல கெடந்துச்சு. அதை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் குனிஞ்சாரு. சத்தியமா அம்புட்டுத்தான் பாத்தேன். இதுக்குப் போலீசு கீலீசு வருமா?"

வராது என்று சொல்லிவிட்டு இருவரும் சந்துக்கு வந்தார்கள். நாலு எட்டு நடந்ததும் சுகிர்தம் நின்றுவிட்டாள்.

"சீனி, ஜீப்புக்கு அடியில படுத்து வேலை செய்யும்போது நீ துண்டை என்ன செய்வ?"

"தலையில கட்டுவேன். கிரீஸ் தொடைக்க வேணும்னா தோள்ல கெடக்கும்."

"இடுப்புல?"

"இடுப்புலயா? கோயிலுக்குள்ள போனா..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"சாமி முன்னாடி. இல்லன்னா பெரிய மனுசங்க முன்னாடி," என்று அவளே முடித்தாள். "கெடுக்க வந்தவன் எந்திரத்துக்கு மரியாதை செஞ்சுட்டா கெடுப்பான்?"

சீனிச்சாமி தலையைச் சொறிந்தான். ஒரு வில்லனைத் தேடி வந்தவளுக்கு அப்படி ஒருவன் இல்லாமலே போய்விடுவானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. ராஜமணிக்கு வில்லன் வேண்டும். அவரை நம்பிப் பதினெட்டுப் பேர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வாத்தியாரின் மனைவி ரூத்தம்மாள் அழுது ஓய்ந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் சட்டம் போட்ட வேதவசனம். மூலையில் முழங்கால் உயரத்துக்கு அந்தச் சாம்பல் நிற எந்திரம், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கம், சுவிட்சுக்கு மேலே, காய்ந்துபோன சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

சுகிர்தம் பொட்டைப் பார்த்தாள். வசனத்தைப் பார்த்தாள். இந்த வீட்டுக் கை வைத்த பொட்டு இல்லை அது.

"திங்கட்கிழமை எந்திரம் சத்தம் எதுவும் போட்டுச்சாம்மா?"

"பீப் பீப்னு கத்துச்சு. கரண்ட் போய்ப் போய் வந்தா அப்படித்தான் கத்தும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சு. அமத்திட்டுத் திரும்பப் போட்டேன்."

எந்திரத்துக்கு மேலே மாதக் காலண்டர் தொங்கியது. ஜூனிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் அழகான ஒரு டிக். வாத்தியார் கை.

"இது என்ன குறி?"

"பின்பக்கம் கறுப்பு ஸ்பாஞ்சு ஒன்னு இருக்கும்மா. அது வழியாத்தான் எந்திரம் காத்தை இழுக்கும். வாரம் ஒருக்கா அதைக் கழுவணும்னு சங்கத்துல சொல்லிக் குடுத்தாக. கழுவிட்டு வந்து காட்டுனாத்தான் இவுக டிக் அடிப்பாக. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி."

கடைசிச் சனிக்கிழமை, பதினொன்றாம் தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"அன்னைக்குக் கழுவலையா?"

ரூத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "மறந்துட்டேன்."

நாலு மாதம் தவறாதவள் ஒரே ஒரு வாரம் மறந்தாளாம். சுகிர்தத்தின் கண் அலமாரிக்குப் போனது. மேல்தட்டில், கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டில், பிரிக்காத பொரிப் பொட்டலம் ஒன்று பத்திரமாக இருந்தது.

அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது. தேனியில் பக்கத்துக் கடைக்காரர் பழனிக்குப் போய் வந்தால் விபூதி கொண்டுவந்து கொடுப்பார். சர்ச்சுக்குப் போகிற அம்மா அதைப் பூசவும் மாட்டாள், கீழே கொட்டவும் மாட்டாள். இன்னொருத்தர் கும்பிடுகிற சாமி என்று ஒரு டப்பாவில் போட்டுப் போட்டு வைத்தாள். அம்மா போனபோது அந்த டப்பா நிறைந்திருந்தது.

"சீனி, எந்திரத்தைத் திருப்பு."

"அதை எதுக்கும்மா..." என்று ரூத்தம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். அதற்குள் சீனிச்சாமி திருப்பிவிட்டான்.

பின்பக்கம் முழுக்க, கறுப்பு ஸ்பாஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், குழைத்துப் பூசிய விபூதிப் பட்டை. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம். எல்லாம் காய்ந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இறுகிக் கிடந்தது. எந்திரம் காற்றை இழுக்கிற ஒரே வாசல் அதுதான்.

"மறக்கலம்மா," என்றாள் ரூத்தம்மாள். "கழுவத்தான் போனேன். இவுகதான் வேண்டாம்னாக. 'அவரு சாமி கும்பிட்டு வெச்சதை நாம சாக்கடையில ஊத்தக் கூடாது ரூத்து, அடுத்த வாரம் பாத்துக்கலாம்'னாக. ஆபீசர் வந்து, யாராச்சும் எந்திரத்துல கை வெச்சாகளான்னு கேட்டாக. இல்லன்னுட்டேன். சாமி கும்பிட்டதைப் போயி கை வெச்சதுன்னு சொல்ல முடியுமா? தங்கமான மனுசன். மாசாமாசம் தானே வந்து இவுக நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போவாரு."

சுகிர்தத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாக வேண்டும்.

"யாரும்மா வந்தது?"

"ராஜமணி அண்ணன்தான்."

வெளியே கரண்ட் வந்து, எங்கோ ஒரு வீட்டில் டிவி அலறியது. சீனிச்சாமி மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரிச் சொன்னான்.

"அக்கா, சீலு பிளக்குக்கு மட்டுந்தான் வெச்சிருக்காக. ஈரத்துணி ஒன்னு போதும். மதுரைக்காரன் வந்து பாத்தா எந்திரம் சுத்தமா ஓடும். வாத்தியாரு வயசுக்குப் போய்ச் சேந்தாருன்னு எழுதிருவாக. சங்கமும் பொழைக்கும், அண்ணனும் பொழைப்பாரு."

"நானே தொடைச்சிரட்டுமாம்மா?" என்றாள் ரூத்தம்மாள். "அந்த மனுசனுக்குத் தெரியவே வேணாம். தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

சுகிர்தத்துக்கும் அந்த ஆசை வந்தது என்பதை மறைப்பானேன். தன் கையாலேயே துடைத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் கண்ணுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. அதே புதன்கிழமை, அதே விபூதிக் கிண்ணம், அதே கை. இன்னும் பதினெட்டு வீடு.

"தொடாதீகம்மா," என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே ராஜமணி எடுத்தார். "ஆள் கெடைச்சானா?"

"அண்ணே, ஆயுத பூஜை அன்னைக்கு எத்தனை வீட்டுக்குப் போனீக?"

"பத்தொன்பதுக்கும்தான். விடியக்காலம் கெளம்புனேன். எந்திரம் அவுக வீட்ல நின்னாலும் ஆயுதம் நம்மளதுல்லம்மா? போன வருசம் வரைக்கும் சிலிண்டருக்குப் போட்டேன், இந்த வருசம் எந்திரத்துக்கு. அதை எதுக்கு இப்ப கேக்குறீக?"

"பட்டையை எங்கன போட்டீக?"

"முன்னாடிதான் சுவிட்சும் மீட்டருமா கெடக்கே, எடமேது? பின்னாடி நல்லா நெத்தி மாதிரி அகலமா..."

பேச்சு நின்றது. போனில் பஜார் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு ஆட்டோ ஹாரன், யாரோ விலை கேட்கிற சத்தம்.

"கறுப்பு ஸ்பாஞ்சு," என்றார் ராஜமணி. குரல் அவருடையதாகவே இல்லை. "அப்ப மத்த வீடு?"

தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிஷம் சுகிர்தத்துக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. கோபமும் கூடவே இருந்தது. சிலிண்டர் இரும்பு, எத்தனை பூசினாலும் தாங்கும். இது மூச்சு விடுகிற சாமான் என்று தெரிந்து வாடகைக்கு விட்ட மனுசனுக்கு, கை பழக்கத்தில் அது மறந்துபோயிருக்கிறது. சாமி கும்பிட்டது அவர் கணக்கில் 'கை வைத்தது' இல்லை, அதனால்தான் அந்த 'எவனோ' தானாக இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாருக்கும் போன் போடச் சொல்லுங்க. ஸ்பாஞ்சைக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க. எடுக்காத வீட்டுக்கு ஆள் போகணும்."

ஐந்து நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். "கோம்பை மலையம்மாள் வீட்ல போன் சுவிட்ச் ஆப்புன்னு வருது. சார்ஜ் போடக் கரண்ட் இருந்திருக்காது. எனக்கு அங்கன வர ஒரு மணி நேரமாகும், நீங்கதான் பக்கம்."

கிளம்பும்போது ரூத்தம்மாள் வாசல்வரைக்கும் வந்தாள். "ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்கம்மா. அன்னைக்கு நான் கழுவியிருந்தா இவுக இருந்திருப்பாகளா?"

எத்தனையோ சாவுக்கு ரிப்போர்ட் எழுதியவள் சுகிர்தம். அவர் நுரையீரல் ஏற்கெனவே என்ன நிலைமையில் இருந்ததோ, டாக்டருக்கே வெளிச்சம்.

"தெரியலம்மா," என்றாள். அது உண்மை. அந்த உண்மையால் அவளுக்கு ஓர் ஆறுதலும் கொடுக்க முடியவில்லை.

கோம்பை சீனிச்சாமிக்குச் சொந்த ஊர். வழக்கமாக ஊர் எல்லையிலேயே, எங்க ஊர் நாய்க்கு இருக்கிற ரோஷம் மனுசனுக்கு இல்லக்கா என்று ஆரம்பிப்பவன், அன்றைக்கு வாயே திறக்காமல் ஓட்டினான். மலையம்மாள் வீட்டுத் தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. பீப், பீப், பீப்.

புருஷன் சின்னச்சாமி வாசலில் நிதானமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "காலையில இருந்து கத்துதுங்க. கரண்ட் சரியில்ல போல."

கரண்ட் சரியாகத்தான் இருந்தது. உள்ளே மலையம்மாள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியிருந்தது. சீனிச்சாமி ஒரே தாவலாகப் போய் எந்திரத்தைத் திருப்பினான். அதே வெள்ளைப் பட்டை. விரலை விட்டு ஸ்பாஞ்சைப் பெயர்த்து எடுத்தான். விபூதி ஓடு ஓடாக உதிர்ந்து அவன் கால்மேல் விழுந்தது. எந்திரம் ஒரு தடவை அடித்தொண்டையில் உறுமியது. அப்புறம் நல்ல மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. பீப் நின்றது.

"விபூதி தானா உதிரட்டும்னு விட்டுட்டோங்க," என்றார் சின்னச்சாமி, ஒன்றும் புரியாமல்.

கால் மணி நேரம் கழித்துத்தான் மலையம்மாளின் உதட்டுக்கு நிறம் வந்தது. அதுவரைக்கும் சுகிர்தம் அவள் கையை விடவில்லை. யாருக்காக ஜெபம் பண்ணினோம் என்று அப்புறம் யோசித்தபோது, ராஜமணியும் அதில் இருந்தார்.

அவர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் புது ஸ்பாஞ்சு. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மத்த பதினேழும் பாத்தாச்சு. பன்னெண்டு வீட்ல கழுவிட்டாக. அஞ்சுல அப்படியே இருந்துச்சு," என்றார். "சின்னமனூர்ப் பக்கத்து வீடுகளுக்கு லிங்கேஸ்வரன் போனான். கேட்டதுமே கடையைச் சாத்திட்டுக் கெளம்பிட்டான்." அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப எல்லாம் சரியாப் போச்சுண்ணே," என்றான் சீனிச்சாமி. "நாளைக்கு எந்திரம் நல்ல எந்திரம்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை எதுக்கு அவுககிட்ட சொல்லிக்கிட்டு? சொன்னா உங்களையும் தொலைச்சிருவாக, சங்கத்தையும் தொலைச்சிருவாக."

ராஜமணி மலையம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எந்திரத்தை எடுத்துராதீக, மாசம் ஒரு தடவ வந்து சோதிக்க ஆள் போடுங்கன்னு கேக்கப்போறேன். எதுக்கு சோதிக்கணும்னு கேப்பாகள்ல? நான் சொல்லலன்னா, வர்ற ஆயுத பூஜைக்கு இன்னொரு ஊர்ல இன்னொருத்தன் கிண்ணத்தோட போவான்." சுகிர்தம் பக்கம் திரும்பினார். "ஆளை கலெக்டர் முன்னாடி நிறுத்துறேன்னு சொன்னேன்லம்மா. நிறுத்திருவேன். இன்னைக்கே காமயகவுண்டன்பட்டிக்குப் போகணும். ரூத்தம்மா மொகத்துல முழிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"வாங்கண்ணே," என்றாள் மலையம்மாள், குழாய்க்கு நடுவே சிரமப்பட்டு. "இந்தத் தடவ பொரி கொண்டாரலையா?"

ராஜமணி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் கட்டிக்கொண்டார். எந்திரத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, புது ஸ்பாஞ்சை மாட்டத் தொடங்கினார். வாய் என்னவோ முணுமுணுத்தது. வாசலில் நின்ற சுகிர்தத்துக்கு அவர் முகம் தெரியவில்லை. முத்துமாரியம்மாள் அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த முதுகு மட்டும் தெரிந்தது, குலுங்கிக் குலுங்கி.